அஞ்சலை அக்காவின் குரலில் ஒன்பது நாள்

கோமாளி வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: சரியாகச் செய்தாலும் சிரிப்பார்கள், சொதப்பினாலும் சிரிப்பார்கள். அழுகிற வேடத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே ஒரே ஒருத்தர் 'க்ளுக்' என்றால் போதும், எல்லாம் பாழ். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். முதலாவதை வாய் முளைத்த நாளிலிருந்து செய்கிறேன். இரண்டாவதை ஒன்பதே நாள்தான் செய்தேன். அந்த ஒன்பது நாளில் என் வயிற்றில் கரைந்த புளிக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ரசம் வைத்திருக்கலாம்.

இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்கு ஒரு சிரிப்பு தருகிறேன். சத்தியம். ஆனால் இப்போது இல்லை. அது ஒன்பதாம் நாள் காலையில்தான் வரும். அதுவரைக்கும் நாங்கள் நின்ற மாதிரியே நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள். விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்று பேர் கொடுத்துப் பழகிய ஜனங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்கள் ஒரு போர்வை எடுத்துக்கொள்ளலாம்.

நான் ரேடியோ ஆன கதை

எங்கள் தேயிலைத் தோட்டம் மலாய் நாட்டில், ரிங்லெட் என்ற சின்ன ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. பதினைந்து வயதில் என் முதுகில் கூடை ஏறியது. காலையில் மூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்து நெரையில், அதாவது செடி வரிசையில், கொழுந்து பறிக்கிறவளின் கூடை தெரியும், ஆள் தெரியாது. மூட்டத்துக்குள் குரல்தான் ஆள். எல்லாக் குரலும் வைத்திருக்கிற ஒருத்திக்கு இது எப்படிப்பட்ட இடம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாள் லேண்ட்ரோவர் மேடு ஏறுகிற உறுமலைத் தொண்டையில் எழுப்பினேன். கதவு சாத்துகிற சத்தத்துக்குக் கூடையில் ஒரு தட்டு. பிறகு தோட்டத்தை ஆளுகிற துரையின் மூக்குக் குரலில், "ஏய்! யார் அங்கே சும்மா நிக்குது? கொழுந்து பறிக்குதா, கதை பறிக்குதா?" என்றேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த நாலு பேர் அப்படியே விழுங்கினார்கள். எங்கள் கும்பலை மேய்க்கிற கறுப்பையா கங்காணி தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறும் மூட்டத்தைப் பார்த்துக் குனிந்து, "வணக்கங்க துரை" என்றார். மூட்டம் பதில் சொல்லவில்லை. நான்தான் சிரித்துத் தொலைத்தேன்.

கங்காணி என்னைத் துரத்தினார். பெண்கள் மண்ணாங்கட்டி எறிந்தார்கள். அடுத்த நெரையில் நின்ற அஞ்சலை அக்கா மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். புருஷன் தவறிவிட்டார். நாலு வயது குமாருதான் அவளுக்கு எல்லாம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி ரேடியோ, உன்னை மூடணும்னா எந்தத் திருகைத் திருகணும்?"

அசரீரி

அன்றிலிருந்து மல்லிகா என்ற பேர் ஆள் கணக்கு எழுதுகிற கிராணியின் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போடுகிறவர்கள்கூட, "ரேடியோவைக் கூப்பிடு" என்றுதான் ஆள் அனுப்பினார்கள். பெண்பிள்ளைகள் மேடை ஏறக்கூடாது. பெண் வேடத்துக்கெல்லாம் மீசை வழித்த ஆம்பளைகள் இருந்தார்கள். எனக்குக் கிடைத்தது திரைக்குப் பின்னால் வேலை. நரி, கோழி, குழந்தை அழுகை, கடைசியில் வானத்திலிருந்து வரும் அசரீரி.

ராஜா வேடம் செல்வம் அண்ணனுக்கு. ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மெஷினில் வேலை. மேடையில் அவர் ஒரு பெருமூச்சு விட்டால் முன்வரிசைப் பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். பெற்ற மகனென்று தெரியாமல் வெட்டுவதற்கு வாளை ஓங்குகிற கட்டம். களத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் நெஞ்சிலிருந்து குரலை எடுத்து, "நிறுத்து மன்னா! இவன் உன் மகன்!" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். ஆனால் கூட்டத்தில் ஒரு பொடியன், "ஐ, நம்ம ரேடியோ அக்கா!" என்று கத்தினான். அவ்வளவுதான், களமே உருண்டது. செல்வம் அண்ணன் ஓங்கின வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஈரத்தில் ஊறின அட்டை வாள் மெதுவாக வளைந்து அவர் தோளிலேயே படுத்துக்கொண்டது.

நாடகம் முடிந்து முகப்பூச்சைத் துடைத்தபடி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சிரிக்க வைக்கிறவ வாயில அழுகை சீனைக் குடுத்தது என் தப்பு லா. நீ நெஜத்தையே சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான், மல்லிகா."

கிராணியின் காது

பெரட்டு என்பது எங்கள் காலை நேர ஆள் கணக்கு. விடிந்தும் விடியாத நேரத்தில் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி ஐயா ஆபீஸ் வாசலில், ஒரு பல்புக்குக் கீழே நின்று பேர் கூப்பிடுவார். மூட்டத்தில் அந்தப் பல்பு உடைந்த முட்டை மாதிரி மஞ்சளாகக் கலங்கியிருக்கும். அவருடைய கண்ணாடியில் ஆவி ஏறிவிடும். துடைத்தால் மறுபடி ஏறும். துடைத்துத் துடைத்து அலுத்து, வருஷக்கணக்காக அவர் துடைப்பதையே விட்டுவிட்டார். கண்ணுக்குப் பதில் காது.

அந்தக் காதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அவருடைய இன்னொரு பெருமை புத்தகம். நாக்கில் தொட்டு எழுதுகிற ஊதாப் பென்சில், எழுதினால் அழியாது. அவர் உதடும் எப்போதும் ஊதாதான். அந்தப் புத்தகத்தில் இத்தனை வருஷத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. 'வந்தேங்க' என்ற சத்தம் காதில் விழுந்தால் 'ச்' என்று நாக்கில் ஒரு தொடல், ஒரு கீறல், அடுத்த பேர். புதிதாக வந்த ஆள் ஒருத்தன் முகத்தைக் காட்டலாமென்று வரிசையை விட்டு முன்னால் போனபோது அவனிடம் சொன்னார்: "மூஞ்சி எனக்கு வேணாம்பா. கொரலைக் குடு, ஆளை நான் சொல்றேன்."

பேர் வெட்டு

போன வருஷம் அடைமழையில் குமாருக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. அக்கா முதலில் அரை நாள் வேலைக்கு வராமல் நின்றாள், பிறகு இரண்டு நாள் நின்றாள். அப்போது தோட்டத்துக்குப் புதுத் துரை வந்திருந்தார். பெரட்டுக்கு வராதவர்களின் பேரை வெட்டச் சொல்லி உத்தரவு. பேர் போனால் வேலை மட்டுமா போகும்? லயத்து வீட்டுச் சாவியும் போகும். பிள்ளையை மலைக்குக் கீழே தாப்பா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னபோது அக்கா கிராணி ஐயாவிடம் போய் லீவு கேட்டாள். உனக்கு சீக்கு என்றால் சீட்டுத் தரலாம், பிள்ளைக்கு சீக்கு என்றால் சட்டத்தில் இடமில்லை என்றார். சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை, துரை பங்களாப் பக்கம் பார்த்தார். இன்னும் ஒரு நாள் நின்றால் வெட்டுத்தான்.

அன்று சாயங்காலம் தண்ணீர்ப் பைப்படியில் அக்கா குமாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தச் சத்தத்தையும் ஒரு தடவை கேட்டால் திருப்பிச் செய்கிறவள் நான். அந்தச் சத்தத்தை மட்டும் செய்து பார்க்க மனம் வரவில்லை. "நீ போக்கா. பெரட்டுல உன் பேருக்கு நான் கொரல் குடுக்கிறேன்" என்றேன். அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள். பவுனு, என் கூட்டாளி, கொழுந்தை ஆளுக்கு இரண்டு பிடி போட்டு அக்கா கூடையை நிரப்பிக்கொள்ளலாம் என்றாள். மலையில் எடை போடுகிறவர் கறுப்பையா கங்காணி. பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த அவரை எல்லோரும் பார்த்தோம். அவர் ரொம்ப நேரம் துண்டை உதறினார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணும் கேக்கலை. இந்தக் காது காலையில வேலை செய்யாது."

முதல் நாள்

அக்கா காய்கறி லாரியில் தாப்பாவுக்கு இறங்கிப் போனாள். நான் ஒத்திகை பார்த்தேன். அக்காவுக்கு மூக்கில் பேசுகிற வழக்கம் உண்டு, கடைசி எழுத்தை இழுப்பாள். இரண்டையும் தூக்கி வைத்து, "வந்த்தேங்ங்ங்க" என்றேன். பவுனு பைப்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக இப்படி ஒருத்தி சுருண்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். அன்று அவள் வாயைப் பொத்தினேன். இவள் சிரித்தால் வரிசையும் சிரிக்கும், வரிசை சிரித்தால் அக்கா வீட்டுச் சாவி போகும்.

ராத்திரி முழுக்க அக்கா குரலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. பேசுவதற்கு முன்னால் அக்கா ஒரு சின்ன மூச்சு வாங்குவாள், கூடையோடு மேடு ஏறி வந்தவள் மாதிரி. அதை யாரும் கவனித்ததே இல்லை, நான் உட்பட. எல்லோருக்கும் தெரிந்ததை எடுத்துப் பெரிசாக்கினால் சிரிப்பு. யாரும் கவனிக்காததை எடுத்து அதே அளவில் வைத்தால்தான் ஆள்.

காலையில் கூடையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். "அஞ்சலை!" ஒரு சின்ன மூச்சு. "வந்தேங்க." யாரும் சிரிக்கவில்லை. என் குரலுக்குப் பிறகு அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே கிடையாது. சிரிப்பு என்றால் உடனே கூலி. இது பிடித்ததா, மாட்டிக்கொண்டோமா, ஒன்றும் தெரியாது. தண்ணீரில் முங்கினவள் மாதிரி இருந்தது. பிறகு அந்த 'ச்', பென்சில் கீறல், அடுத்த பேர். மலைக்கு ஏறும்போது பவுனு என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா நெஜமாவே திரும்பி வந்துட்டாளோன்னு பின்னாடி பாத்துட்டேன்டி."

கேட்கக் கூடாத கேள்வி

மூன்றாம் நாள் அக்கா பேருக்குப் பதில் சொன்ன பிறகு 'ச்' வரவில்லை. அதற்குப் பதில் கிராணி ஐயா, "அஞ்சலை, பையனுக்கு எப்படி இருக்கு?" என்றார். ஒரு வார்த்தைக்குத்தான் நான் தயாராக இருந்தேன். "ஆஸ்பத்திரியிலதாங்க இருக்கான்." "யாரு கூட இருக்கா?" "எந்தங்கச்சிங்க." அக்காவுக்குத் தங்கச்சியே கிடையாது.

"இப்ப பரவாயில்லையா?" என்றார். இது நான் எதிர்பார்க்காத பயம். தாப்பாவிலிருந்து மூன்று நாளாக ஒரு தகவலும் இல்லை. பரவாயில்லை என்று நான் சொல்லி, அங்கே வேறு மாதிரி ஆகியிருந்தால்? அக்காவின் வாயை வைத்து அக்கா சொல்லாத ஒன்றைச் சொல்கிறேனே? அந்தச் சின்ன மூச்சை வாங்கினேன். அது நடிப்பில்லாமல் தானாகவே வந்தது. "பரவாயில்லைங்க." களத்தில் யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். செல்வம் அண்ணனுக்கு விழுகிற அதே உறிஞ்சல். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கூடையைப் போட்டுவிட்டு ஓடத்தான் தோன்றியது. கிராணி ஐயா தணிந்த குரலில் சொன்னார்: "உன் கொரலைக் கேட்டா அப்படித் தெரியலையேம்மா."

சொந்தக் குரல் எங்கே?

அதன் பிறகு தினமும் கேட்டார். தினமும் ஒரு பொய் கட்டினேன், நேற்றுச் சொன்ன பொய்யோடு இடிக்காமல். விளைவு, அக்காவின் குரல் என் தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்றது. வீட்டில் அம்மாவிடம் சோறு கேட்டால்கூட அந்தச் சின்ன மூச்சு வந்தது. ஐந்தாம் நாள் பெரட்டில் அக்கா பேருக்குப் பதில் சொல்லி, பையனுக்குக் காய்ச்சல் இறங்கியதாகச் சொல்லி, அப்பாடா என்று நின்றேன். பத்துப் பேர் தள்ளி, "மல்லிகா!" என்றார். அக்கா குரலில், "வந்தேங்க" என்றேன்.

"அஞ்சலை, உனக்குத்தான் போட்டாச்சே. நான் கூப்பிட்டது மல்லிகாவை. எங்க அவ?" பவுனுவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவளைப் பார்த்து அடுத்தவள். 'க்ளுக்' ஒன்று கேட்டது. "யாரு அது சிரிக்கிறது?" என்று கிராணி ஐயா பல்புக்குக் கீழிருந்து ஓரடி முன்னால் வைத்தார். என் குரலைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. துரை குரல் வருகிறது, நரி வருகிறது, மல்லிகாவைக் காணோம். அந்த நேரத்தில் ஆம்பளைகள் வரிசையிலிருந்து, "ஐயோ! அட்டை! அட்டை ஏறிருச்சு!" என்று ஓர் அலறல். செல்வம் அண்ணன். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார். ராஜா நடை நடந்தே பழகின காலுக்குக் குதிக்கத் தெரியவில்லை. கிராணி ஐயாவின் கவனம் அங்கே போனது. "இருக்கேங்க" என்று எப்படியோ என் குரலில் சொல்லித் தப்பித்தேன்.

நன்றி சொல்லப் போனேன். ஃபேக்டரி வாசலில் அவருக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. "சிரிக்க வைக்கிறதுல இவ்வளவு பயம் இருக்கா? அத்தனை பேர் நின்னாங்க, ஒரு ஆள்கூடச் சிரிக்கலை லா!"

டார்ச் லைட்

ஏழாம் நாள் புதுத் துரையே பெரட்டுக்கு வந்துவிட்டார். கையில் நீளமான டார்ச். லேண்ட்ரோவர் சத்தம் கேட்டதும் கறுப்பையா கங்காணி என்னை முறைத்தார், நான்தான் செய்கிறேன் என்று நினைத்து. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன். அவர் அவசரமாகத் தலைத்துண்டை உருவினார்.

துரை வரிசை மீது வெளிச்சத்தை ஓட்டினார். மூட்டத்தில் டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர் மாதிரி ஒன்று எழும்பும், அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் வெளிச்சம் வருகிற பக்கம் நிற்கிறவளுக்கு, அது தன் நாக்கைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். பவுனு அக்காவின் கூடையையும் சேர்த்து மாட்டிக்கொண்டு இரண்டு ஆள் அகலத்துக்கு நின்றாள். "அஞ்சலை!" வெளிச்சம் என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. மூச்சு. "வந்தேங்க." அன்று கிராணி ஐயா பையனைப் பற்றிக் கேட்கவில்லை. துரை பக்கத்தில் நிற்கும்போது கேட்பாரா? "எல்லாரும் இருக்காங்களா?" என்று துரை கேட்டார். நாங்கள் பிடிபட்டால் இனி எங்களோடு இன்னொரு ஆளும் போவார் என்பது கிராணி ஐயாவின் பதிலைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது: "ஒரு ஆள் குறையலைங்க துரை. என் காது மேல சத்தியம்."

லாரிக்காரர் கொண்டுவந்த சேதி

எட்டாம் நாள் மத்தியானம் காய்கறி லாரி ஓட்டுகிற ஆ மெங் எங்கள் மலையோரம் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தார். ரிங்லெட்டுக்காரர், எங்கள் பேச்சும் மலாயும் கலந்து பேசுவார். ஹார்ன் சத்தம் கேட்டதும் எல்லோர் கையும் கொழுந்தின் மேலேயே நின்றுவிட்டது. ஒருத்தியும் கீழே இறங்கிப் போய்க் கேட்கத் தயாராக இல்லை. நான்தான் போனேன். அந்தச் சரிவை இறங்கினபோது என்னிடம் ஒரு குரலும் இல்லை.

அவர் சிகரெட்டைப் பற்றவைக்கிறார், தீப்பெட்டி ஈரம், இன்னொரு குச்சி எடுக்கிறார். எனக்கு உயிர் போகிறது. கடைசியில் புகையை விட்டுவிட்டுச் சொன்னார்: "பையன் இன்னிக்கு மக்கான் பண்ணிட்டான் லா. கஞ்சி! ரெண்டு மங்கு! நாளைக்குக் காலையில நான்தான் ஏத்திட்டு வர்றேன்."

ஒன்பதாம் நாள்

அக்கா வந்து சேர்ந்தபோது எல்லோரும் வரிசையில் நின்றாகிவிட்டது. குமாரை எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து முன்னால் இடம் பிடித்தாள். நான் ஏழு பேர் தள்ளிப் பின்னால் நின்றேன். இனி எனக்கு வேலையில்லை. அந்த நிம்மதியில் காலடி மண்ணே மெத்தென்று இருந்தது. "அஞ்சலை!" என்றார் கிராணி ஐயா. அக்கா பதில் சொன்னாள். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒன்பது ராத்திரி தூங்காமல் கிடந்து, லாரியின் பின்பக்கம் காலிக் கூடைகளுக்கு நடுவே பனியில் வந்த தொண்டை. அதில் அக்கா துளிகூட இல்லை.

"யார் அது?" என்றார். அக்கா மறுபடி சொன்னாள். இன்னும் மோசம். "மல்லிகா! உன் வேலைதானே? அஞ்சலை மாதிரி பேசிக் காட்டறியா? அவ கொரல் எனக்குத் தெரியாதா? தெனம் அவகூடப் பேசிட்டிருக்கேன்!" "நான் இல்லைங்க, சத்தியமா நான் இல்லைங்க" என்றேன். அந்தக் களத்தில் நான் பேசின முதல் உண்மை அதுதான். பவுனுவே என்னைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அஞ்சலை வரலை" என்றார். அக்கா மூன்றாம் தடவை வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. 'ச்' என்று பென்சில் நாக்கில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எழுதினால் அழியாத பென்சில். எட்டு நாள் கட்டிக் காத்தது ஒரு கீறலில் போகப் போகிறது, அதுவும் அக்கா வந்து எதிரிலேயே நிற்கும்போது.

நான் யோசிக்கவில்லை. அந்தச் சின்ன மூச்சு தானாக வந்தது. "ஐயா, இருக்கேங்க! வந்துட்டேங்க! பேரை வெட்டிராதீங்க!" கிராணி ஐயா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "ஆங். இது அஞ்சலை. இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" கீறல் விழுந்தது. நல்ல கீறல். அந்த நேரம் பார்த்துக் கீழே ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று ஏறி வந்து, மூட்டத்தைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு போனது. வருஷக்கணக்காகத் துடைக்காத கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டார். எதிரில் அஞ்சலை அக்கா, இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி நிற்கிறாள். ஏழு பேருக்குப் பின்னால் நான், இன்னும் மூடாத வாயோடு. அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பின்னால் புரட்டினார். ஒன்பது ஊதாக் கீறல், ஒன்றையும் அழிக்க முடியாது, காதின் மேல் துரையிடம் சத்தியம் வேறு.

முதலில் வெடித்தது காலையில் காது கேட்காத கறுப்பையா கங்காணி. பிறகு பவுனு, பிறகு ஆம்பளைகள் வரிசை, பிறகு களம் முழுக்க, ஒன்பது நாள் சிரிப்பும் மொத்தமாக. செல்வம் அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்தாருங்கள், நான் சொன்ன சிரிப்பு இதுதான். கிராணி ஐயா மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் அடங்குகிற வரைக்கும் நின்றார். ஊதா உதடு ஒரு தடவை அசைந்து நின்றது, மறுபடி அசைந்தது. "அப்ப, பையனுக்கு எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு இத்தனை நாளா நான் உன்கிட்டயா கேட்டுட்டிருந்தேன்?"

அக்கா பேர் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, என் பேரும் இருக்கிறது, கிராணி ஐயா மாற்றி எழுதினபடி, அட்டை அதிகமுள்ள மேட்டில் புல் வெட்டுகிறவர்களின் பேர்ப் பக்கத்தில். சிரிக்க வைத்ததுக்குக் கைதட்டல் உடனே கிடைக்கும் என்பதும், நம்ப வைத்ததுக்குக் கிடைப்பது இதுதான் என்பதும் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.